மெத்தை நாற்காலியில் உட்காராதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஹைதராபாத் அமீர்பேட்டில் உங்கள் விடுதி அறைக்கு என்னைக் கூப்பிட்டீர்கள். "அண்ணா, சில்லறைக் காசு போக்கர் ஆட்டத்துல லாபம் பாக்கறது எப்படின்னு புதுசா வந்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றீர்கள். ஏசிக்கு நேர் கீழே மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டீர்கள். நான் அதில் உட்காராமல், மூலையில் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "அண்ணாவுக்கு எவ்வளவு அடக்கம் பாருடா" என்று ஒரு தம்பி முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அடக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்த மாதிரி நாற்காலியைப் பார்த்தாலே எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அன்றைக்கு உங்கள் கேள்விகளிலேயே நேரம் போய்விட்டது, சொல்ல வந்ததைச் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பணம் வைத்துச் சீட்டாடுவது இந்த மாநிலத்தில் குற்றம். போக்கர் திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை என்று நீங்கள் எவ்வளவு வாதாடினாலும் கதவைத் தட்டுகிற போலீஸ்காரர் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கப் போவதில்லை. நான் ஆடிய காலம் முழுக்க, படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டால் சீட்டைக் கீழே போட்டுவிட்டுக் கதவைப் பார்ப்பேன். லாபக் கணக்கு போடுகிறவர்கள் அந்தப் பயத்தையும் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் திருச்சிக்காரன். மென்பொருள் சோதிக்கிற வேலைக்கு ஹைதராபாத் வந்து அல்வாலில் குடியேறினேன். மனைவி வசந்தி அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பெண்ணுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். சனி ஞாயிறு மத்தியானங்களில் பொழுதுபோக்காக ஆட ஆரம்பித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் காசு வந்தது. ஆபீசில் என் மேலாளர் என்னைப் படுத்திய பாட்டுக்கு, ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஆட்டத்தையே தொழிலாக எடுத்துக்கொள்கிறேன் என்று வீட்டில் வந்து நின்றேன்.

வசந்தி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் கத்தியிருப்பேன். "சரிங்க. ஒரே ஒரு நிபந்தனை" என்றாள். "வீட்டுக் காசு அங்க போகக் கூடாது. அங்கேருந்துதான் வீட்டுக்கு வரணும். என்னைக்கு அது நிக்குதோ அன்னைக்கு நீங்க மறுபடி வேலைக்குப் போறீங்க. பேச்சே கிடையாது."

ஒப்புக்கொண்டேன். அந்த மேலாளர் மாதிரி இன்னொருவனுக்குக் கீழே கைகட்டி நிற்பதில்லை என்பதுதான் அன்று என் மானம். அந்த மானம் ஒரு மேசையை நம்பி நின்றது. படுக்கப் போகும்போது வசந்தி இன்னொன்றும் கேட்டாள்.

"அந்த மேசைல எல்லாரும் ஜெயிக்கத்தான வர்றீங்க. அப்ப தோக்கறது யாரு?"

"ஒருத்தர் இருக்காரு" என்றேன்.

"அவருக்குத் தெரியுமா?"

நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அந்த மேசை அமீர்பேட்டில் ஒரு விடுதியின் மூன்றாம் மாடியில் இருந்தது. விடுதிக்காரர் அறையையும் சீட்டுக்கட்டையும் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு ஆட்டத்திலும் சேருகிற பணத்திலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்வார். ஆடுகிறவர்கள் ஐந்து பேர். நான், விழுப்புரத்திலிருந்து கணினி வகுப்புக்கு வந்த இரண்டு பையன்கள், கோயமுத்தூர்த் தம்பி ஒருவன், அப்புறம் டாக்டர் சார்.

கோயமுத்தூர்த் தம்பிதான் எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். அவன் பேச்சில் மரியாதை சொட்டும். எப்பேர்ப்பட்ட தலைவலியையும் 'ங்ணா' போட்டுத்தான் கொடுப்பான். முதல் நாள் நான் நிகழ்தகவுக் கணக்கெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். எந்தக் கைக்கு எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டான்.

"நல்லா படிச்சிருக்கீங்ணா. ஆனா இதெல்லாம் விழுப்புரத்துப் பசங்களுக்கும் தெரியுமுங்ணா. சீட்டப் பாக்காதீங்ணா, மொதல்ல நாற்காலியப் பாருங்ணா."

அப்போதுதான் கவனித்தேன். நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஏசிக்குக் கீழே ஒரே ஒரு மெத்தை நாற்காலி. அதில் யாரும் உட்காரவில்லை.

"அது டாக்டருக்குங்ணா" என்றான்.

டாக்டர் சார் பல் மருத்துவர். அல்வாலில் சொந்தக் கிளினிக். பிறந்தது லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அவர் தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து ரயில் பட்டறை வேலைக்கு வந்த குடும்பம். ஐம்பது தாண்டிய, தொப்பை போட்ட, வாய் ஓயாத மனிதர். உள்ளே வரும்போதே "க்யா தம்பி, இன்னைக்கு யாரு பல்லப் புடுங்கப் போறீங்க?" என்றுதான் வருவார். அவருக்கு ஆட்டத்தில் ஒரே ஒரு வியாதி. கையில் எந்தக் குப்பைச் சீட்டு வந்தாலும் கவிழ்த்துவிட்டு ஒதுங்க மாட்டார். மடக்கிப் போடுங்கள் என்று விடுதிக்காரர் ஒருநாள் தெரியாமல் சொல்லிவிட்டார். "கைக்கு பா? மடக்கிப் போடறதுக்கா டாங்க் பண்ட் ட்ராஃபிக்ல எல்லாம் மாட்டிக்கிட்டு வர்றேன்? நக்கோ நக்கோ" என்றார் டாக்டர். ஹைதராபாத் உருதுவில் கைக்கு என்றால் எதற்கு, நக்கோ என்றால் வேண்டாம். மேசை அதிரச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பும் தொழிலில் சேர்த்திதான். தம்பி வகுத்த சட்டங்களை உங்களுக்குச் சொல்கிறேன், எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. டாக்டர் வந்தால் ஏசிக்குக் கீழே அவருடைய இடம். சர்க்கரை போடாத டீ அவருக்கு முதலில். பிரியாணி வந்தால் லெக் பீஸ் அவர் தட்டில். அவர் யோசித்துக்கொண்டிருந்தால் அவசரப்படுத்தக் கூடாது. குப்பைக் கையோடு கடைசிச் சீட்டு வரை வந்து, குருட்டாம்போக்கில் ஜெயித்துவிட்டால், பல்லைக் கடித்துக்கொண்டு "சூப்பரா ஆடுனீங்க சார்" என்று சொல்ல வேண்டும். அவர் எதிரில் ஆட்டக் கணக்கைப் பற்றி மூச்சு விடக் கூடாது. முக்கியமாக, அவர் ஜோக் சொன்னால் சிரிக்க வேண்டும்.

ஜோக் ஒன்றே ஒன்றுதான். வாராவாரம் வரும். "எங்கப்பா ரயில் பெட்டில ஓட்டை அடைச்சாரு. நான் பல்லுல ஓட்டை அடைக்கிறேன். ஒரே வித்தியாசம், எந்த ரயில் பெட்டியும் எங்கப்பா கையக் கடிச்சதில்ல!" சொல்லிவிட்டு வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டுவார். அதில் யாரோ ஒரு குழந்தை கடித்த தழும்பு இருந்தது. நாங்கள் நால்வரும் விழுந்து விழுந்து சிரிப்போம். பலி ஆட்டுக்கு மாலை போடுவது என்பார்களே, அதை நாங்கள் சனிக்கிழமைதோறும் செய்தோம்.

இப்படிச் சொல்வதால் நான் ஆடவே தெரியாதவன், அவர் தயவில் மட்டும் பிழைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஆட்டம் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த நினைப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாதம் சீட்டே சரியாக விழவில்லை. வசந்தியின் கையில் நான் எதுவும் கொடுக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை. அவள் கேட்காமல் இருப்பது கேட்பதைவிடக் கொடுமை. நான் செருப்பைக் கழற்றும்போதே பெண் ஓடி வந்து, "நான்னா, ஈ ரோஜு கெலிச்சாவா?" என்பாள். இன்றைக்கு ஜெயித்தாயா அப்பா என்று. எட்டு வயதுப் பிள்ளை அப்பாவிடம் கேட்கிற கேள்வியா அது? அடுத்த சனிக்கிழமை என் கையில் இரண்டு ராஜா விழுந்தது. அதற்கு மேலே ஒரே ஒரு கைதான், இரண்டு ஏஸ். நான் பந்தயத்தை ஏற்றினேன். விழுப்புரத்துப் பையன்களில் ஒருவன், வாயைத் திறந்து பேசாதவன், அதே காசைப் போட்டுக் கூடவே வந்தான். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் மூன்று சீட்டு விரித்தார்கள். அதில் ஒரு ஏஸ். அவன் தன் முன்னால் இருந்த காசை முழுக்க நகர்த்தி வைத்தான்.

தம்பிகளே, இந்தத் தொழிலில் பரீட்சை என்பது அந்த இடம்தான். என் தலைக்குள் இருந்தது சீட்டு இல்லை. வசந்தி, பெண்ணின் பள்ளிக்கூடம், அந்தப் பழைய மேலாளரின் மூஞ்சி எல்லாம் சேர்ந்து "போடு, போடு" என்றன. வாயே திறக்காத பையன் அப்படி நகர்த்துகிறான் என்றால் அவனிடம் இன்னொரு ஏஸ் இருக்கிறது, ஜோடி சேர்ந்துவிட்டது என்று என் மூளைக்குத் தெரிந்தது. ஆனால் எனக்குக் காசு தேவைப்பட்டது. உன் வீட்டு வாடகை சீட்டுக்குத் தெரியாது. இதை மட்டும் உங்கள் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். நான் ராஜா இரண்டையும் எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கவிழ்த்துப் போட்டேன். அவனிடம் என்ன இருந்தது என்று அவன் காட்டவில்லை, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ராஜாவ வெச்சுக்கிட்டா மடக்கிட்ட? அரே யார், வீட்ல போய் சொல்லிடாத தம்பி, சோறு போட மாட்டாங்க" என்றார் டாக்டர். கோயமுத்தூர்த் தம்பி மட்டும் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான். அந்த ஒரு தலையாட்டலில் நான் பெரிய ஆட்டக்காரன் ஆகிவிட்டேன் என்று எனக்கு நினைப்பு. அடுத்தடுத்த வாரங்களில் டாக்டர் வழக்கம்போலத் தோற்றார், என் வீட்டுக்கு வழக்கம்போலக் காசு போனது. எல்லாம் என் சாமர்த்தியம் என்று தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

டாக்டரும் நானும் அல்வால் என்பதால், ஆட்டம் முடிந்ததும் அவர் காரிலேயே என்னைக் கொண்டுபோய் விடுவார். கேட்டுக்கொள்ளுங்கள், அவர் காசையும் வாங்கிக்கொண்டு அவர் காரிலேயே வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் வீட்டில் தெலுங்கும் இங்கிலீஷும்தானாம். மனைவி காலமாகிவிட்டார். "கிளினிக்ல பூரா நாள் ஹிந்தி, தெலுங்கு. வீட்டுக்குப் போனா டிவிதான். வாயத் தொறந்து தமிழ் பேசறது உங்ககூட மட்டும்தான்பா" என்றார் ஒருநாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் திருமலகிரி சிக்னலில் வண்டி நின்றது. டாக்டர் ரேடியோவை அணைத்தார்.

"தம்பி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ இதையே தொழிலா பண்றவன். சாயங்கால கிளினிக்கை மூடிடலாம்னு பாக்கறேன். கிளினிக் மேல்மாடிய வாடகைக்குக் கேட்டு ஒருத்தன் வந்திருக்கான், குடுத்துட்டு, வாரத்துல இன்னும் மூணு நாள் ஆட்டத்துக்கு வந்துடலாம்னு இருக்கேன். முதல்ல தோத்தேன், ஹவ், ஆமா, அது கத்துக்கற ஃபீஸ். இப்ப நீங்க எல்லாரும் நல்லா ஆடறேன்னு சொல்றீங்க. என் ஆட்டம் நெஜமா எப்படி இருக்கு?"

சிக்னல் சிவப்பாக இருந்தது. நான் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். 'சூப்பரா ஆடறீங்க சார்' என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும். வாரத்துக்கு இன்னும் மூன்று நாள் அந்த மெத்தை நாற்காலி நிறையும். என் பெண்ணின் கேள்விக்கு எல்லா நாளும் ஒரே பதில் இருக்கும். இல்லை என்று சொன்னால் என் பிழைப்பில் நானே மண் அள்ளிப் போட்டுக்கொள்கிறேன். ராஜாவைக் கவிழ்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு வியர்க்கவில்லை. "அவருக்குத் தெரியுமா?" என்று வசந்தி கேட்டதுதான் காதில் ஓடிக்கொண்டே இருந்தது.

"மூடாதீங்க சார்" என்றேன். "நீங்க ஜெயிக்க மாட்டீங்க. எல்லாக் கையையும் ஆடறவங்க யாரும் ஜெயிக்க முடியாது. நீங்க நல்லா ஆடறீங்கன்னு நாங்க சொல்றது..."

சிக்னல் பச்சையாகி, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். டாக்டர் வண்டியை எடுத்தார். லோத்குண்டா தாண்டியது. அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப என் ஜோக்குக்குச் சிரிச்சது?"

நான் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அதுவுமா?" என்றார். "தோத்தது பெரிசில்ல தம்பி. ஒரு மத்தியானம் நாலு பேரோட தமிழ் பேசறேன், சிரிக்கிறேன், அதுக்காகுற செலவுன்னு நெனச்சுக்கிட்டேன். நீங்க சிரிச்சதே அந்தக் காசுக்குத்தான்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. நான் ஒரு கதா."

கதா என்றால் கழுதை. என் தெருமுனையில் இறக்கிவிட்டார். எப்போதும் சொல்கிற "குதா ஹாஃபிஸ் தம்பி" அன்றைக்கு இல்லை. கார் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

நல்லது செய்தவன் என்று என்னை யாரும் தட்டிக்கொடுக்க வேண்டாம். சொன்னது சரி. ஆனால் உண்மையைச் சொல்கிறவன் முதல் ஜோக்குக்கே சிரிக்காமல் இருந்திருக்க வேண்டும். அத்தனை சனிக்கிழமை சிரித்துவிட்டுக் கடைசியில் சொன்னால், அந்த மனிதருக்கு மிச்சம் என்ன இருக்கிறது? கிளினிக் பிழைத்தது, அவ்வளவுதான்.

அடுத்த வாரம் டாக்டர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் எடுக்கவில்லை. நடந்ததை நான் கோயமுத்தூர்த் தம்பியிடம் சொன்னேன். அவன் கோபப்பட்டு அதுவரை நான் பார்த்ததில்லை, அன்றும் குரலை உயர்த்தவில்லை.

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டின்னு எங்கூர்ல சொல்லுவாங்க. அந்த ஆண்டி நீங்கதானுங்ணா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "செரி விடுங்ணா, பாத்துக்கலாம்" என்றான்.

மெத்தை நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்கார வேறு ஆள் கிடைக்கவில்லை. மேசையில் நாங்கள் நால்வர், எல்லோரும் ஆடத் தெரிந்தவர்கள். விடுதிக்காரர் பங்கு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. எனக்கு மறுபடி கெட்ட காலம் ஆரம்பித்தது. இதுவும் சீட்டு விழாத மாதம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் திரும்பிவிடும் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அப்படியே போனது. வீட்டுச் செலவுக்கு, தொழிலுக்கென்று தனியாக வைத்திருந்ததிலிருந்து எடுத்து வசந்தியிடம் கொடுத்தேன். ஆட்டத்தில் வந்தது என்று சொன்னேன். பெண்ணிடமும் ஆமாம், ஜெயித்தேன் என்றேன்.

இதற்கு நடுவில் மேசையில் எல்லோரும் என்னிடம் ரொம்பப் பிரியமாக இருந்தார்கள். வாயே திறக்காத விழுப்புரத்துப் பையன்கூட "எப்படிண்ணா இருக்கீங்க, பாப்பா எப்படி இருக்கு" என்று விசாரிப்பான். நான் ஒரு கையை ஜெயித்தால் "சூப்பர்ணா" என்பார்கள். சரி, கஷ்ட காலத்தில் கூட இருக்கிற பையன்கள் என்று மனசுக்கு இதமாக இருந்தது.

எனக்கும் ஒரு ஜோக் உண்டு. "நான் டெஸ்டர்டா. அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை. கல்யாணம் ஆச்சு, அந்த வேலைய என் பொண்டாட்டி எடுத்துக்கிட்டா." அவ்வளவுதான் ஜோக். டாக்டர் இருந்த காலத்தில் இதைச் சொன்னால் ஒருவனும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். வசந்தி ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு, "இதை வெளில சொல்லாதீங்க" என்றாள். ஒரு சனிக்கிழமை, சீட்டு கலைக்கும்போது சும்மா அதைச் சொன்னேன்.

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் மேசையைத் தட்டினான்.

எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். அந்தச் சிரிப்பை நானே எத்தனை தடவை சிரித்திருக்கிறேன். அது எங்கே தொடங்கி எங்கே முடியும் என்றுகூடத் தெரியும்.

டீ வந்தது. என் டம்ளர் முதலில் வந்தது. "உங்களுக்குச் சக்கரை கம்மியாப் போடச் சொன்னனுங்ணா" என்றான் கோயமுத்தூர்த் தம்பி. எனக்குச் சர்க்கரை கம்மி வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதே இல்லை. அவன் எழுந்து, காலியாகக் கிடந்த மெத்தை நாற்காலியைத் துண்டால் தட்டினான்.

"இங்க வந்துருங்ணா. அங்க உங்களுக்குக் காத்து வராது. இங்கதான் ஏசி நல்லா வருமுங்ணா."

நான் எழுந்தேன். நாற்காலியின் முதுகில் கை வைத்தேன். மெத்தை நடுவில் டாக்டர் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "போன் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். தம்பி பின்னாலேயே வந்தான். இரண்டாம் மாடி வளைவில் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"டேய், எத்தனை நாளாடா?"

அவன் சட்டையை விடுவித்துக்கொள்ள முயலவில்லை. "கோவிச்சுக்காதீங்ணா. டாக்டர் இருந்தப்பவும் எங்ககிட்ட நீங்க தோத்துட்டுத்தானுங்ணா இருந்தீங்க. அவருகிட்ட அதைவிட அதிகமா எடுத்தீங்க. தொட்டில தண்ணி கொட்டிக்கிட்டே இருந்தா ஓட்டை தெரியாதுங்ளே. அதான் உங்களுக்குத் தெரியலீங்ணா."

"உனக்குத் தெரியும்."

"மொத நாள்ல இருந்தே தெரியுமுங்ணா."

"அந்த ராஜாவ நான் கவுத்தப்ப தலையாட்டுனியே?"

"நல்லா ஆடுனீங்கன்னு சொன்னா நீங்க வந்துட்டே இருப்பீங்கன்னுதானுங்ணா."

"அப்பவே எங்கிட்டச் சொல்லித் தொலைச்சா என்னடா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கிண்டல் இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவன் மாதிரிக் கேட்டான். "நீங்க டாக்டர்கிட்டச் சொன்னீங்களே. என்னாச்சுங்ணா?"

சட்டையை விட்டுவிட்டேன். மெட்ரோவில் ஏறி, அப்புறம் பஸ் மாறி அல்வால் போய்ச் சேர்ந்தேன். வசந்தி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பெண் வழக்கம்போல ஓடி வந்து, "நான்னா, கெலிச்சாவா?" என்றாள். இல்லைம்மா, ரொம்ப நாளாகவே இல்லை என்றேன். வசந்தி தலையைத் தூக்கினாள்.

"அந்த மேசைல தோக்கறது யாருன்னு ஒருநாள் கேட்டியே" என்றேன். "நான்தான்."

குத்திக் காட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். "இப்பவாவது தெரிஞ்சுதுல்ல. கைகால் கழுவிட்டு வாங்க, தோசை ஊத்தறேன்" என்றாள்.

ஒப்புக்கொண்டபடியே மறுபடி வேலைக்குப் போனேன். இப்போது என் மேலாளர் என்னைவிட வயதில் சின்னவள், பரவாயில்லை, பழையவன் அளவுக்கு மோசமில்லை. என் தப்பை முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். அதன் அருமை எனக்குத்தான் தெரியும்.

லாபம் பார்ப்பது எப்படி என்று கேட்டீர்கள். சொல்கிறேன், இதில் ரகசியமே கிடையாது. பத்துக் கை வந்தால் எட்டை மடக்கிப் போடுங்கள். அலுப்பாக இருக்கும், அந்த அலுப்புக்குத்தான் கூலி. வீட்டுக் காசைத் தொடாதீர்கள். கோபம் வந்தால் எழுந்துவிடுங்கள். உங்களைவிட மோசமாக ஆடுகிற ஆள் இருக்கிற மேசையில் மட்டும் உட்காருங்கள். இவ்வளவையும் செய்தால் சில்லறை ஆட்டத்தில் காசு பார்க்கலாம், நான் பார்த்தேன். ஆனால் அந்த மோசமாக ஆடுகிற ஆள் யாரோ ஒருவர் இல்லை. அவருக்கும் ஒரு பேர் இருக்கும், ஒரு ஜோக் இருக்கும். அவரைச் சிரிக்கவைத்துக் கறக்கத்தான் நீங்கள் வாழ்நாள் முழுக்கக் கற்றுக்கொள்வீர்கள். அந்த வித்தை கைவந்துவிட்டால், உங்களைப் பார்த்து ஒருவர் சிரிக்கும்போது அது எந்தச் சிரிப்பு என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும். எனக்கு இன்னும் போகவில்லை. போன ஞாயிறு நான் பேசியபோது நீங்கள் சிரித்தீர்கள். பேசி முடித்ததும் "சும்மா ரெண்டு ரவுண்டு ஆடிட்டுப் போங்கண்ணா" என்றும் சொன்னீர்கள். உங்களில் எத்தனை பேர் அதை நல்ல மனசோடு சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சந்தேகம்தான் இந்தத் தொழில் எனக்குக் கொடுத்த ஓய்வூதியம்.

கடைசியாக ஒன்று. போன மழைக்காலத்தில் எனக்குக் கடைவாய்ப் பல் வலி. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முகம் வீங்கிவிட்டது. பக்கத்தில் இருக்கிற கிளினிக்கிலேயே வசந்தி பெயர் பதிந்து வைத்துவிட்டாள், அது யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. பலகையைப் பார்த்ததும் திரும்பிவிடலாம் என்று தோன்றியது, வலி விடவில்லை. சாயங்கால நேரம். உட்கார இடமில்லாத கூட்டம். மேல்மாடியிலும் கிளினிக் விளக்கு எரிந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சாயும் நாற்காலியைக் காட்டினார். அதுவும் மெத்தை நாற்காலிதான், விளக்குக்கு நேர் கீழே. உட்கார்ந்தேன். ஊசி போட்டார், கன்னம் மரத்தது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப நாளா உள்ள அரிச்சிருக்கு" என்றார். வாய்க்குள் பஞ்சு, கருவி, குழாய் எல்லாம் வைத்து வேலையை ஆரம்பித்தார்.

பாதியில் நிறுத்தி, கையுறை போட்ட ஆள்காட்டி விரலை என் கண் முன்னால் தூக்கிக் காட்டினார்.

"எங்கப்பா ரயில் பெட்டில ஓட்டை அடைச்சாரு" என்றார். "நான் பல்லுல ஓட்டை அடைக்கிறேன். ஒரே வித்தியாசம், எந்த ரயில் பெட்டியும் எங்கப்பா கையக் கடிச்சதில்ல."

அத்தனை சனிக்கிழமைகளில் கேட்ட ஜோக். அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்கு நிஜமாகச் சிரிப்பு வந்தது. தொண்டை குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது.

"சிரிக்க நக்கோ தம்பி" என்றார். "வாயத் தொறந்து வை."